இருபத்து நான்காவது குண்டூசி

அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மேசையின் நீளப் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் ஊசியக்கா. அவளுக்கு எதிரே, அடுப்புப் பக்கமாக, அவளுடைய நாத்தனார். வாசற்படியில் காலை நீட்டிப்போட்டு, மடியில் பெரிய பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக்கொண்டிருந்தவர் ஊசியக்காவின் கணவர். நான்காவது ஆள் யாரும் உள்ளே வரவில்லை. மேசைமேல் இருந்தவை: ஆறவைத்த மூன்று கேக்குகள், ஒரு இஞ்ச் டேப், ஒரு கண்டு வெள்ளை நூல், ஊசிமெத்தை ஒன்று, சிவப்புத் தலை வைத்த குண்டூசிகள் இருபத்து நான்கு.

ஓர் ஊசி தொலைந்தால் முதலில் எழுதவேண்டியது இதைத்தான். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள், கைக்கெட்டும் தூரத்தில் என்னென்ன இருந்தன. பதினோரு வருடமாக ஊசியக்கா அப்படித்தான் எழுதி வந்திருக்கிறாள். எழுதியதெல்லாம் மற்றவர்களைப் பற்றி.

அவள் வேலை பார்த்த கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்புகள் தைத்தார்கள். கவுனுக்குள் ஓர் ஊசிமுனை தங்கிப்போனால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அதனால் அங்கே ஊசிக்கென்று ஒரு அலமாரி, அலமாரிக்கென்று ஒரு சாவி, சாவிக்கென்று ஓர் ஆள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வரவேண்டும். அவள் துண்டுகளைச் சேர்த்து, ஒரு புது ஊசியின் பக்கத்தில் வைத்து அளந்து, நீளம் சரியாக இருந்தால் நோட்டில் ஒட்டிவிட்டு வேறு ஊசி கொடுப்பாள். அரிசி முனை அளவு குறைந்தாலும் அந்த வரிசை முழுக்க நின்றுபோகும். யாராவது மறைத்தால் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போகும். தையல்காரிகள் அவள் பெயரையே மறந்துபோனார்கள். ஊசியக்கா என்றால்தான் தெரியும்.

கடைசியாகப் போன கடிதம் காஜாக்காரியைப் பற்றியது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அவள். இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஊசியின் முனை உடைந்துவிட்டது. அவள் உடனே சொல்லவில்லை. குனிந்து, நிமிர்ந்து, மடியை உதறி, மறுபடி குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். ஊசியக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய் அவள் முன்னால் நின்றாள். "வெட்டின துண்டெல்லாம் எங்க? அதுல பாத்தியா?" என்று கேட்டாள். முனை அந்தத் துண்டு மூட்டைக்குள்தான் கிடந்தது. கடிதத்தில் "ஒன்பது நிமிடம் மறைத்தார்" என்று எழுதி ஒட்டி அனுப்பினாள். ஒரு வருடத்துக்குக் காஜாக்காரி மெஷினில் உட்காரக் கூடாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவள் மூலையில் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

வருடக் கடைசி விடுமுறைக்குக் கம்பெனி பூட்டும் நாளன்று எல்லோரும் பிள்ளைகளோடு வந்து கூடுவார்கள். அந்த நாளுக்குக் கேக் செய்யும் முறை இந்த வருடம் ஊசியக்கா வீட்டுக்கு வந்தது. ஒன்பது அடுக்கு வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். அவளும் அதே கம்பெனியில் காலர் தைப்பவள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். போன வருடம் வேறொரு வீட்டிலிருந்து வந்த நான்கு அடுக்குக் கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் கரண்டியால் அள்ளித் தின்னவேண்டியதாகிவிட்டது. அந்தக் கதையை அவள் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தாள். இப்போது தன் வீட்டுக் கேக் சாய்ந்தால் தலைகாட்ட முடியுமா?

கத்தியால் அறுத்தால் அடுக்கு கோணும் என்று அவள்தான் தையல்காரிகளின் வழியைச் சொன்னாள். கேக்கைச் சுற்றி இஞ்ச் டேப் பிடித்து, ஒரே உயரத்தில் எட்டுக் குண்டூசி குத்தவேண்டும். அந்தக் குண்டூசிகளுக்கு அடியில் நூலை ஒட்டிச் சுற்றி, நுனிகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்து இழுத்தால் நூல் கேக்குக்குள் வெண்ணெயில் போவதுபோல் போய் மறுபக்கம் வந்துவிடும். ஒரு கேக்குக்கு மூன்று வட்டம். மேல் வட்டத்தில் அறுத்தால் உப்பிய தலை கழிந்து மட்டமாகும். மற்ற இரண்டில் அறுத்தால் மூன்று அடுக்கு. மூன்று எட்டு இருபத்து நான்கு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குண்டூசி, அதுவும் வெள்ளைத் தலை. ஊசியக்கா கம்பெனி அலமாரியிலிருந்து இருபத்து நான்கை எடுத்து வந்தாள். கூர்மையான எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்ற விதியை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியவள் அவள்தான். நாளைக் காலையில் திருப்பி வைக்கப்போகிறோம், ஒரு ராத்திரிக்கு எதற்கு நோட்டில் எழுதவேண்டும் என்று நினைத்தாள். பதினோரு வருடத்தில் எழுதாமல் எடுத்தது அது ஒன்றுதான்.

வேலை நன்றாகவே நடந்தது. நாத்தனார் நூலை இழுத்தாள், ஊசியக்கா குண்டூசிகளைப் பிடுங்கினாள். தலை கழித்த துண்டுகளை நாத்தனார் ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "பசங்களுக்கு ஆகும்" என்று மூடிவைத்தாள். மூடுவதற்குள் கணவர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். வெண்ணெய் அடித்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று அவர் கேட்க, அடித்ததைவிட நக்கினது அதிகம் என்று தங்கை திருப்பிக் கொடுக்க, ஊசியக்கா சிரித்துக்கொண்டே மெத்தையில் இருந்த குண்டூசிகளை எண்ணினாள். இருபத்து நான்கு. எண்ணிக்கை சரி.

மறுநாள் காலை எட்டரைக்குக் கேக் கிளம்பியது. கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். பின்னால் தரையில் உட்கார்ந்து நாத்தனார் கேக்கைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு போனாள். ஊசியக்கா குளித்து, புடவை மாற்றி, மேசை விரிப்பை உதறப் பின்கதவைத் திறந்தாள். ஒரு உதறு உதறினாள். கால்விரலுக்குப் பக்கத்தில் ஏதோ டிக் என்று விழுந்து உருண்டது.

சிவப்பாக, மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி. அடியில் ஒரு பொட்டுத் துளை.

முதலில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். துளையைப் பார்த்தாள். ஓடிப்போய் ஊசிமெத்தையை எடுத்து எண்ணினாள். இருபத்து நான்குதான். மறுபடி எண்ணினாள். இருபத்து நான்கு. மூன்றாம் முறை தலைகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். சிவப்பு இருபத்து மூன்று. ஒன்று வெள்ளை. வீட்டுக் குண்டூசி, முந்தைய நாளிலிருந்தே மெத்தையின் ஓரத்தில் குத்தியிருந்தது.

பிடுங்கும்போது தலை மட்டும் கையோடு வந்திருக்கிறது. தலை இல்லாத குண்டூசி வெளியே தெரிய எதுவும் இல்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. அதன்மேல் சர்க்கரைப்பாகு தெளித்து, வெண்ணெய் தடவி, இன்னொரு அடுக்கை வைத்து அமுக்கியவள் அவளே.

கம்பெனிக்கு இருபது நிமிட நடை. ஊசியக்கா அன்று ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு கையில் ஊசிமெத்தை, மறு கைக்குள் பொத்திய சிவப்பு மணி. வேனுக்குப் போன் செய்தாள். கேக்கை இறக்கிவிட்டு மற்றவர்களை ஏற்றிவரப் போயிருந்த கணவர், வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத ஒழுங்கானவர். நாத்தனாரிடம் போன் கிடையாது. வழியில் பால் கடை வாசலில் ஒரு சின்னப் பிள்ளை எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குத் தொண்டைக்குள் குத்தியது. எச்சில் விழுங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி விழுங்கினாள்.

கம்பெனிக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு ஐந்து நிமிடம். நேரத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். அன்று அந்தப் பழக்கமே எதிரியாக நின்றது. மெஷின்களையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்கள். நடுவில் துணி வெட்டும் நீள மேசை. அதன்மேல் கேக் ஒன்பது அடுக்கும் ஒரு நூல் சாயாமல் நின்றது. சுற்றிலும் சர்க்கரையில் செய்த பொத்தான்கள். நாற்பது பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள். யாரோ அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா, உங்க கேக்கு எங்களைவிட நிமிர்ந்து நிக்குது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஊசியக்காவும் சிரித்தாள். சிரித்தது ஏன் என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி, குண்டூசி எங்கிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்தது நோட்டில் எழுதினாயா. அதற்கு அடுத்தது இடுப்பில் தொங்கும் சாவி. இந்த நாற்பது பேரில் அவள் கேள்வி கேட்டு அழவைக்காதவர் ஒருவரும் இல்லை.

நாத்தனாரின் கையைப் பிடித்து நூல்கண்டு அடுக்கின் பின்னால் இழுத்துப்போனாள். உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். நாத்தனார் இடுக்கு வழியாகக் கேக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரகசியமாகச் சொன்னாள்:

"அண்ணி, நான் ஒண்ணு செய்யறேன். கால் தடுக்கின மாதிரி மேசை மேல விழுந்துடறேன். கேக்கு கீழ போயிடும். என்னைத் திட்டுவாங்க, திட்டிட்டுப் போகட்டும். எனக்குத் திட்டு வாங்கறது புதுசா?"

ஊசியக்கா அதை யோசித்தாள். அதையும் மறைக்கக் கூடாது. அவள் யோசிக்கத்தான் செய்தாள். கேக் கீழே விழும். பெருக்கி அள்ளிக் கொட்டிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. மனசு ஒரு நொடி லேசாகக்கூட ஆனது. பிறகு கண்ணெதிரே தெரிந்தது: கேக் விழுகிறது, பெரியவர்கள் அடடா என்கிறார்கள், பெரியவர்கள் குனிவதற்குள் நாலாப் பக்கத்திலிருந்தும் சின்னக் கைகள் வந்து தரையிலிருந்து அள்ளி வாயில் போட்டுக்கொள்கின்றன.

"வேண்டாம்" என்றாள். ஆனாலும் கால் நகரவில்லை. அடுக்கின் இடுக்கு வழியாகக் கடிகாரம் தெரிந்தது. பத்து மூன்று. பத்து நான்கு.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வந்திருக்கும் பிள்ளைகளில் ஆகச் சின்னதற்குத்தான் முதல் துண்டு. சூப்பர்வைசர் சலவைச் சட்டையும் கையில் நீளக் கத்தியுமாக மேசைக்குப் பின்னால் வந்து நின்று, இந்த வருடம் யார் என்று கேட்டார். காஜாக்கா மகள்தான், மூன்றரை வயது என்று பெண்கள் சொன்னார்கள். சுவரோரம் நின்ற காஜாக்காரி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். குழந்தை எங்கே என்றார் சூப்பர்வைசர். இங்கேதான் எங்கேயாவது மெஷினுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருக்கும், நீங்கள் வெட்டுங்கள், வாசனைக்கு ஓடிவரும் என்றாள் அவள். கத்தி கேக்கின் தலையில் இறங்கப் போனது.

"சார், கத்தியை எடுங்க."

அது தன் குரல்தானா என்று ஊசியக்காவுக்கே சந்தேகம். எல்லோரும் திரும்பினார்கள்.

"கேக்குக்குள்ள குண்டூசி இருக்கு. அலமாரிக் குண்டூசி. நான்தான் எழுதாம எடுத்துட்டுப் போனேன்."

யாரோ ஒருத்தி இது விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். தாய்மார்கள் தங்கள் தங்கள் பிள்ளையைத் தேடி இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், எங்களுக்கு ஓர் ஊசி கொடுப்பதற்குள் ஒன்பது கேள்வி கேட்கிறவர்களா இவர்கள் என்று, காதில் விழவேண்டும் என்றே சொன்னது. ஊசியக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். பத்து ஆறு.

கேக்கை அப்படியே குழிதோண்டிப் புதைத்துவிடலாம் என்றார் சூப்பர்வைசர். கூடாது என்றாள் ஊசியக்கா. ஊசியைக் கண்ணால் பார்க்காமல் எதையும் தூக்கிப் போடக் கூடாது. கேக்கில் இருக்கிறது என்று நினைத்துக் கேக்கைப் புதைத்துவிட்டு, அது வேறெங்காவது இருந்தால்? இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. இந்தப் பாடம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும்.

கூடத்தின் கோடியில் மோப்பக்காரன் நின்றது. அது அவர்கள் வைத்த பெயர். தைத்து முடித்த உடுப்பையெல்லாம் அதன் ஓடும் பட்டைமேல் வைத்து அனுப்புவார்கள். உள்ளே ஊசித்துண்டு இருந்தால் பட்டை நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, காது கிழியக் கத்தும். அதன் வாய் ஒரு சாண் உயரம்தான். ஒன்பது அடுக்குக் கேக் முழுதாக அதற்குள் போகாது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலை எடுத்தாள். நேற்று மாலை முழுக்கச் சேர்த்ததை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு அட்டைமேல் வைத்தாள். கணவர் அட்டைகளைத் தூக்கிவந்தார்.

ஊசியக்கா முதலில் சோதனை அட்டையை அனுப்பினாள். உள்ளே கடுகளவு இரும்பு வைத்த அட்டை அது. தினமும் காலையில் மெஷின் விழித்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். மோப்பக்காரன் கத்தியது. விழித்துத்தான் இருந்தது.

முதல் அடுக்கு போனது. சத்தமில்லை. அடுத்ததும் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. மூன்றாவதில் ஒரு சர்க்கரைப் பொத்தான் உருண்டு பட்டையின் இடுக்கில் விழ, நாற்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஒன்றுமில்லை. நான்கு, ஐந்து, ஆறு. சத்தம் வராத ஒவ்வொரு முறையும் பயம் மிச்சமிருந்த அடுக்குகளுக்குள் போய்ச் சேர்ந்து கெட்டியானது. எட்டாவதிலும் இல்லை என்றபோது எல்லோரும் ஒன்பதாவதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அது பட்டையில் ஏறியது, வாய்க்குள் மறைந்தது, வெளியே வந்தது.

கத்தவில்லை.

ஊசியக்கா சோதனை அட்டையை மறுபடி அனுப்பினாள். கத்தியது. ஒன்பது அடுக்குகளையும் திருப்பிப்போட்டு மறுபடி அனுப்பினாள். ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் ஆபத்து இல்லை, வீட்டுத் தரையில் எங்காவது கிடக்கும் என்றார். சிலர் மூச்சு விட்டார்கள். ஊசியக்கா மட்டும் பட்டையை விட்டு நகரவில்லை. தரையை அவள் நேற்று இரவும் இன்று காலையும் பெருக்கியிருந்தாள். கேக்கில் இல்லை, மேசையில் இல்லை, தரையில் இல்லை. மனசுக்குள் மேசையைத் திரும்ப விரித்து, இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டேப், நூல், மெத்தை, மூன்று கேக்குகள். ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது. என்னவென்று தெரியவில்லை.

அப்போது காஜாக்காரி கேட்டாள். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அக்கா, வெட்டின துண்டெல்லாம் எங்க?"

ஊசியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. கணவர் மெதுவாகத் தன் வயிற்றில் கை வைத்தார்.

"டப்பாவுல..." என்றாள் நாத்தனார். "ரோஸ் டப்பா. வந்ததும் குட்டிகிட்ட குடுத்தேன். பசிக்குதுன்னு சொல்லிச்சு."

"எந்தக் குட்டி?" என்று காஜாக்காரி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஓடியதை ஊசியக்கா பிற்காலத்தில் நினைக்கும்போதெல்லாம் சத்தமே இல்லாமல்தான் நினைவுக்கு வரும். வரிசை வரிசையாக மெஷின் மூடியிருந்த துணிகளை அவள் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் தன் பழைய காஜா மெஷினின் துணியைத் தூக்கினாள். அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில், குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மடியில் ரோஸ் டப்பா. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

காஜாக்காரி விரலை விட்டுக் குழந்தையின் வாயில் இருந்ததைத் தோண்டி எடுத்தாள். குழந்தை வீரிட்டது. அழுகை தெளிவாக, தொண்டை முழுக்க வந்தது. அவள் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எவ்வளவு தின்ன? சொல்லு கண்ணு, குத்துச்சா? எங்கயாவது குத்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை டப்பாவைத் திருப்பிக் கேட்டு அழுதது.

டப்பாவில் கால்பங்கு மிச்சம் இருந்தது. ஊசியக்கா அதைக் கொண்டுபோய்ப் பட்டையின்மேல் வைத்தாள். கணவர் வேன் சாவியைக் கையில் எடுத்து வாசலைப் பார்த்து நின்றார். எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடமாக அந்த மெஷின் கத்தக் கூடாது என்றுதான் ஊசியக்கா வேண்டிக்கொண்டிருக்கிறாள். அன்றுதான் முதல் தடவையாக, கத்து, கத்து என்று வேண்டினாள். கத்தாமல் போனால் குண்டூசி இருக்கும் இடம் ஒன்றுதான் பாக்கி. கணவரின் வயிறா, அந்தக் குழந்தையின் வயிறா என்பதுதான் மிச்சக் கேள்வி. டப்பா நகர்ந்தது. பட்டை அவ்வளவு மெதுவாக ஓடும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ரோஸ் மூலை வாய்க்குள் போனது. பாதி போனது.

மோப்பக்காரன் கத்தியது.

பட்டை நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஊசியக்கா டப்பாவை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிட்டாள். நான்காவது துண்டில், பொன்னிறமாக வெந்த தோலுக்குக் கீழே, அது படுத்திருந்தது. தலை இல்லாமல், கேக் துகள் ஒட்டி, பளபளவென்று.

அதோடு முடியவில்லை. இருப்பது முழுசா என்று பார்க்கவேண்டும். முனை உடைந்து பாதி உள்ளே போயிருந்தால்? அவள் மெத்தையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் தலையற்றதை வைத்து, அதன் மொட்டை நுனியில் சிவப்பு மணியைச் செருகினாள். சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முனைக்கு முனை, தலைக்குத் தலை. நோட்டோடு இருந்த அளவுகோலை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் தனித்தனியாக அளந்தாள். பிறகு காஜாக்காரியைக் கூப்பிட்டாள்.

"நீயும் பாரு. என் கண்ணை நான் நம்பல."

காஜாக்காரி குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே வந்து குனிந்து பார்த்தாள். நகத்தால் முனையைத் தொட்டாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். "சரியா இருக்கு" என்றாள். கணவர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். நாத்தனார் மூலையில் போய் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

கேக்கைத் தொட யாருக்கும் கை வரவில்லை. ஒன்பது அட்டைகள் ஒன்பது பக்கமாகக் கிடந்தன. காஜாக்காரியின் மகள்தான் தனக்குத் தருவதாகச் சொன்ன துண்டு எங்கே என்று கேட்டாள். அம்மா ஒரு ஓரத்தைப் பிட்டு முதலில் தான் தின்றாள். மெதுவாக, ஒவ்வொரு துணுக்காக, பல்லால் தேடித் தேடி. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். விழுங்கியபிறகு மகளுக்குக் கொடுத்தாள். மெஷின் இரண்டு தடவை பார்த்துப் பாஸ் பண்ணின கேக் வேறு எங்கே கிடைக்கும் என்று பின்வரிசைக் குரல் சொன்னது. அப்புறம்தான் சின்னக் கைகள் வந்தன. சாப்பிட்டார்கள், ஆனாலும் அன்று கூடத்தில் பேச்சு மெதுவாகவே இருந்தது.

ஊசியக்கா தின்னவில்லை. அலமாரியைத் திறந்து இருபத்து மூன்றை வைத்துவிட்டு, காகிதம் எடுத்துக்கொண்டு தன் மேசையில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்து தாழ்ந்த குரலில், எதற்கு அதெல்லாம் என்றார். உடுப்பில் நடந்தது இல்லை, ஊசியும் கிடைத்துவிட்டது, விடுமுறை நாள், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவளுக்கும் கேட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது. சாவி இடுப்பில் கனத்தது. இது போனால் இந்த வயதில் எந்த மெஷினில் போய் உட்காருவாள்? நாளை இந்த நாற்பது பேர் முன்னால் பிசிறு வெட்ட நிற்பாளா?

மூலையில் பிசிறு வெட்டும் மேசை தெரிந்தது. அவள் எழுதத் தொடங்கினாள்.

முதலில், சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர் என்றும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எழுதினாள். மேசைமேல் இருந்தவற்றை எழுதும்போது இந்தத் தடவை ரோஸ் டப்பாவைச் சேர்த்தாள். எழுதாமல் எடுத்ததை எழுதினாள். கம்பெனிக்குள் நுழைந்தது 9.55, சொன்னது 10.06 என்று எழுதி, "பதினோரு நிமிடம் தாமதமானது" என்று போட்டாள். பேனாவை எடுக்காமல் அதைப் பார்த்தாள். "தாமதமானது" என்பதை அடித்துவிட்டு "மறைத்தேன்" என்று எழுதினாள். துண்டுகளைப் பற்றிக் கேட்டவர் முன்பு காஜா மெஷினில் இருந்தவர் என்று எழுதினாள். அதன் கீழே, இரண்டு மாதத்துக்கு முன் இவர் ஒன்பது நிமிடம் மறைத்தார் என்று நான் அனுப்பிய கடிதத்தில், அவர் பயந்து நின்றார் என்பதை எழுதத் தவறிவிட்டேன், அப்போது எனக்கு அது தெரியாது என்று எழுதினாள். கடைசியில் தலையையும் ஊசியையும் சேர்த்து ஒட்டி, பக்கத்தில் அளவைக் குறித்து, கையெழுத்துப் போட்டாள்.

உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்துப் பார் என்று காஜாக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

"பயந்து நின்றார்னு போட்டிருக்கீங்க. எதுக்குப் பயந்தேன்னு போடலயே" என்றாள்.

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான்க்கா."

ஊசியக்கா காகிதத்தை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே இருந்த இடத்தில் "எனக்குப் பயந்து" என்று எழுதி, அது எந்த வரியில் சேரவேண்டும் என்று அம்புக்குறி போட்டாள். மூன்றாக மடித்தாள். உறைக்குள் வைத்து, ஓரத்தில் பசை தடவி, காற்று நுழையாதபடி கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு முன் தலைமை அலுவலகத்துக்குப் போகும் கடைசிப் பை முன் இருக்கையில் இருந்தது. கணவர் கையை நீட்டினார். உறையின்மேல் இருந்த அவள் கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பைக்குள் போட்டு வாரை இழுத்துப் பூட்டினார். வண்டி கிளம்பியது.